வாக்கர் எங்கேயும் நடந்து போகவில்லை

கேள்வி இதுதான்: "எங்கள் ஆபீசில் வாக்கர் என்று ஒரு இங்கிலாந்துக்காரர் இருக்கிறார். டெய்லர் என்றால் தையல்காரர், ஸ்மித் என்றால் கொல்லர், பேக்கர் என்றால் ரொட்டி சுடுகிறவர், இதெல்லாம் புரிகிறது. வாக்கர் என்றால் என்ன? நடப்பதும் ஒரு தொழிலா? அந்தக் காலத்தில் ஊர் ஊராக நடந்து கடிதம் கொடுத்தவர்களின் வம்சமா?"

இல்லை. தபாலுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமே கிடையாது. வாக்கர் என்பவர் தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, மிதி மிதி என்று மிதித்துக் கெட்டியாக்குகிறவர். "அப்படியா, துணி மேலே நடந்ததால் வாக்கர், சரி" என்று நீங்கள் முடிவுக்கு வருவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், அதுவும் முக்கால்வாசி தப்பு. குடும்பப் பெயர்களுக்கு அர்த்தம் சொல்லும் ஆட்கள் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் மொழி ஆராய்ச்சிக்காரன் இல்லை. திருப்பூரில் துணி ப்ராசசிங் பக்கம் பல வருடம் வேலை பார்த்தவன். சாயம், ஸ்டென்டர், ரெய்சிங், காம்பாக்டிங் என்று பொழுது போகும். நம்முடைய மிஷின் பெயர்கள் எங்கேயிருந்து வந்தன என்று தேடப்போய் இங்கிலாந்துக் குடும்பப் பெயர்களில் மாட்டிக்கொண்டேன். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த வாக்கர் கதைதான்.

முதலில் தொழில். ஊட்டியில் வாங்கிய அசல் கம்பளி ஸ்வெட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. இப்போதும் இருக்கிறது, ஆனால் என் அளவில் இல்லை. ஒருநாள் அவசரத்தில் மற்றத் துணிகளோடு அதையும் வாஷிங் மெஷினில் போட்டு, சுடுதண்ணீர் வைத்து, ஒரு மணி நேரம் ஓடவிட்டுவிட்டேன். வெளியே எடுத்தால் ஆறு வயதுப் பையனுக்குக்கூடப் பத்தாது. கையில் பிடித்தால் அட்டை மாதிரி தடிமன், பின்னல் கண்ணே தெரியவில்லை, இழுத்தால் நீளவும் இல்லை. துணித் தொழிலில் இருக்கிற ஆளுக்கு இதுகூடத் தெரியாதா என்று வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு நான் செய்தது அப்பட்டமான வாக்கர் வேலை. வேண்டுமென்றே செய்தால் அது தொழில், தெரியாமல் செய்தால் திட்டு.

காரணம் கம்பளி இழையில் இருக்கிறது. ஆட்டு மயிரின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக, எல்லாம் நுனிப் பக்கம் பார்த்தபடி செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் சவுக்காரமும் பட்டால் அவை விரிந்துகொள்ளும். அந்த நிலையில் துணியைக் கசக்கினால், அடித்தால், மிதித்தால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நகர்ந்து மாட்டிக்கொள்ளும். முன்னால் போகும், திரும்பி வராது. பருத்தியில் இந்தச் செதில் கிடையாது, அதனால் பருத்தித் துணியை நாள் முழுக்க மிதித்தாலும் அழுக்குத்தான் போகும், துணி கெட்டியாகாது. நாம் பருத்தி ஆட்கள், ஆகவே இந்தத் தொழிலுக்கு நமக்குப் பழக்கமான பெயர் ஒன்று இல்லாததில் ஆச்சரியம் இல்லை.

இதற்கு ஒரு நல்ல சாட்சி தமிழ் பைபிளில் இருக்கிறது. மாற்கு 9:3-இல், இயேசுவின் உடை "பூமியிலே எந்த வண்ணானும் வெளுக்கக்கூடாத வெண்மையாய்ப்" பிரகாசித்தது என்று வரும். ஆங்கில பைபிளில் அந்த வண்ணான் இருக்கும் இடத்தில் இருப்பவர் ஃபுல்லர், நம் வாக்கருக்கே இன்னொரு பெயர். மொழிபெயர்த்தவர்களுக்கு வேறு வழியில்லை, நம் ஊரில் துணியைத் தண்ணீரில் போட்டு அடிக்கிற ஆள் யார் என்று பார்த்தார்கள், போட்டுவிட்டார்கள். தப்பென்று சொல்ல மாட்டேன், ரோமானிய ஃபுல்லர்களும் பெரும்பாலும் சலவைதான் செய்தார்கள். ஆனால் இங்கிலாந்தின் ஃபுல்லர் வேறு ரகம். அவர் கையில் வருவது அழுக்குத் துணி இல்லை, புதுத் துணி.

அந்தப் புதுத் துணி எப்படி இருக்கும் என்றால், கட்டிக்கொள்ளவே முடியாத மாதிரி இருக்கும். நூற்பதற்கு வாகாகக் கம்பளியில் வெண்ணெயோ எண்ணெயோ தடவியிருப்பார்கள், அந்தப் பிசுக்கு முழுக்க உள்ளே இருக்கும். நெசவும் லூசாக, வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடை மாதிரி தெரியும். அதைத் தொட்டியில் போட்டு முதலில் எண்ணெய் எடுக்கவேண்டும். எதை வைத்து? மூத்திரம். மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், பல நாள் வைத்துப் புளித்த மூத்திரம். புளித்தால் அதில் அமோனியா உண்டாகும், அமோனியா எண்ணெயைப் பிடித்துக் கழற்றிவிடும். வட இங்கிலாந்தில் இதற்கு லான்ட் என்று தனிப் பெயரே இருந்தது, வீடு வீடாகச் சேர்த்து வாங்கிப் போவார்கள். ரோமிலும் இதே கதைதான். வெஸ்பாசியன் என்ற பேரரசர் பொதுக் கழிப்பிடங்களில் சேரும் மூத்திரத்துக்கு வரி போட்டார், மகன் டைட்டஸ் முகம் சுளித்தபோது ஒரு காசை எடுத்து அவன் மூக்கருகே நீட்டி, நாறுகிறதா என்று கேட்டார். அந்த வரி விழுந்தது இந்தத் தொழில்காரர்கள் தலையில்தான்.

மூத்திரத்துக்கு அடுத்தபடி மண். ஃபுல்லர்ஸ் எர்த் என்று ஒரு களிமண், எண்ணெய்ப் பசையை உறிஞ்சிக்கொள்ளும். இது உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். முகத்தில் எண்ணெய் வழியாமல் இருக்கப் பூசுகிற முல்தானி மெட்டி, அதேதான். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் போட்டிருக்கும். நம் வீட்டுப் பெண்கள் முகத்தில் பூசுவது இங்கிலாந்தின் ஃபுல்லர் துணியில் பூசியது, வேலையும் அதே எண்ணெய் எடுக்கிற வேலை. இங்கிலாந்தில் சர்ரே பகுதியில் நட்ஃபீல்ட், ரெட்ஹில் பக்கம் இதை வெட்டி எடுத்தார்கள். போட்டி நாடுகளின் கம்பளித் தொழிலுக்குப் போய்விடக்கூடாது என்று அந்த மண்ணை ஏற்றுமதி செய்யவே ஒரு காலத்தில் தடை போட்டிருந்தார்கள். மண்ணுக்குத் தடை!

அப்புறம் மிதி. தொட்டியில் முழங்கால் அளவு தண்ணீர், அதில் துணி, இரண்டு மூன்று பேர் உள்ளே இறங்கி நின்று மணிக்கணக்கில், கெட்டி ரகமாக இருந்தால் நாள்கணக்கில் மிதிப்பார்கள். நடுநடுவே துணியைப் புரட்டிப் போடவேண்டும், இல்லாவிட்டால் மடிப்பு விழுந்த இடம் அப்படியே கட்டிப்போகும். நெய்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிப்போவது சாதாரணம். சுருங்குவதைக் கணக்குப் போட்டுத்தான் தறியையே அகலமாக வைத்திருந்தார்கள், பிராட்கிளாத் என்ற அகலக் கம்பளித் துணி நெய்ய ஒரு தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவை ஒருவருக்கொருவர் தள்ளிவிடவேண்டும்.

மிதித்து முடிந்த ஈரத் துணியை வெளியில் வேலி மாதிரி நட்டிருக்கும் மரச்சட்டத்தில் இழுத்து மாட்டிக் காயவைப்பார்கள். அந்தச் சட்டத்துக்குப் பெயர் டென்டர், அதிலுள்ள வளைந்த ஆணிகள் டென்டர்ஹுக். பரபரப்பில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பதை ஆங்கிலத்தில் "டென்டர்ஹுக்கில் இருக்கிறேன்" என்பார்களே, அது இந்த ஆணிதான். திருப்பூர், ஈரோடு ஆட்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆமாம், நம்முடைய ஸ்டென்டர் மிஷின் அந்த மரச்சட்டத்தின் நேர் வாரிசு. ஆணிக்குப் பதில் ஓடுகிற சங்கிலியில் பின், வெயிலுக்குப் பதில் பர்னர், அவ்வளவுதான் வித்தியாசம். அன்றைக்கே அதில் தில்லுமுல்லும் இருந்தது. அளவுக்கு மீறி இழுத்து மாட்டினால் துணி கூடுதல் அகலமும் நீளமும் காட்டும், வாங்கியவன் நனைத்ததும் பழையபடி சுருங்கிவிடும். இப்படி இழுக்கக்கூடாது என்று இங்கிலாந்தில் திரும்பத் திரும்பச் சட்டம் போட்டார்கள். டயாவை, அதாவது துணி அகலத்தை, ஏற்றி ஓட்டிவிட்டு, பையர் வாஷ் டெஸ்ட் எடுக்கும்போது முழிக்கிற கதை ஐநூறு வருடத்துக்கு முந்தியே இருந்திருக்கிறது.

சரி, பெயருக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில், அதாவது 1066-இல் பிரான்சிலிருந்து நார்மன்கள் வந்து இறங்குவதற்கு முந்தைய ஆங்கிலத்தில், நடப்பதற்கு வாக் என்று சொல்லவே மாட்டார்கள். போவது, நடப்பது எல்லாவற்றுக்கும் இன்றைய "கோ" என்ற சொல்லின் மூதாதையும் அதன் சொந்தக்காரர்களும்தான். "வெயால்கன்" என்று ஒரு சொல் இருந்தது, அதற்கு அர்த்தம் உருட்டுவது, புரட்டுவது. கடல் அலை புரளுவதற்கும் அதைச் சொன்னார்கள், மனதில் ஒன்றைப் போட்டுப் புரட்டுவதற்கும் சொன்னார்கள். அதே காலத்தில் "வெயால்கெரே" என்ற சொல்லும் இருந்தது, அர்த்தம் கம்பளித் துணியைப் புரட்டித் துவைக்கிறவர். இன்றைய வாக்கர் அங்கேதான் பிறக்கிறார். ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் "வால்கென்" என்றால் கம்பளியையோ தோலையோ போட்டுப் பிசைவது, நடப்பது இல்லை. அங்கேயும் வால்கர், வெல்கர் என்று குடும்பப் பெயர்கள் உண்டு. ஜெர்மானிய மொழியிலிருந்து இத்தாலிக்குப் போன அந்தச் சொல்தான் துணி மிதிக்கும் மில்லுக்கு "குவால்கியேரா" என்ற பெயரையும் கொடுத்திருக்கிறது.

வாக் என்ற வினைக்குக் காலால் நடப்பது என்ற அர்த்தம் ஏறியது ஏறக்குறைய 1200-ஐ ஒட்டித்தான். புரளுவது, அலைவது, சுற்றித் திரிவது, நடப்பது என்று மெதுவாக நகர்ந்து வந்திருக்கிறது. ஆக வாக்கர் என்ற தொழில் பெயர், நடப்பது என்ற அர்த்தத்தைவிட மூத்தது. துணி மேல் நடந்ததால் வாக்கர் என்று பெயர் வந்தது என்பது, பேரன் பெயரைப் பார்த்துத் தாத்தாவுக்குப் பெயர் வைத்தார்கள் என்று சொல்வது மாதிரி. இப்படி ஒரு வினை இரண்டு மூன்று வேலை பார்ப்பது நமக்குப் புதிதும் இல்லை. துவை என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், துணி துவைப்பதும் அதில் இருக்கிறது, தேங்காய்த் துவையலும் அதில் இருக்கிறது, இடிப்பதும் மிதிப்பதும்கூட அகராதியில் கிடக்கிறது.

இங்கே இன்னொரு வேடிக்கை. இதே தொழிலுக்கு இங்கிலாந்தில் மூன்று பெயர், மூன்றுமே குடும்பப் பெயராகிவிட்டன. வாக்கர், ஃபுல்லர், டக்கர். ஒரே தொட்டி, ஒரே மூத்திரம், ஊர்தான் வேறு.

ஃபுல்லர் லத்தீன் வழி. ரோமானியர்கள் இந்த ஆளை "ஃபுல்லோ" என்பார்கள். இத்தாலியில் பொம்பெயி நகரம் எரிமலைச் சாம்பலில் புதைந்ததே, அங்கே தோண்டியபோது இவர்களுடைய பட்டறைகள் அப்படியே கிடைத்தன, தொட்டிக்குள் நின்று மிதிக்கிறவர்களின் சுவர் ஓவியமும் கிடைத்தது. அந்தச் சொல் பழைய ஆங்கிலத்துக்குள்ளேயே ஏறிவிட்டது, நார்மன்கள் கொண்டுவந்த பிரெஞ்சு அதற்கு இன்னும் பலம் சேர்த்தது. அதனால் ஃபுல்லர் தெற்கிலும் கிழக்கிலும் தங்கிவிட்டார்: சசெக்ஸ், கென்ட், சஃபோக், நார்ஃபோக்.

டக்கர் தென்மேற்கு ஆள். டெவன், சாமர்செட், கார்ன்வால். பழைய ஆங்கிலத்தில் "டூகியன்" என்றால் வதைப்பது, சித்திரவதை செய்வது. துணியை இழுத்து, அடித்து, படாத பாடு படுத்துவதால் அந்தப் பெயர். சட்டையைப் பேன்டுக்குள் டக் பண்ணுகிறோமே, அதுவும் இந்தச் சொல்லின் பிள்ளைதான், வதைப்பது இழுப்பதாகி, இழுப்பது சொருகுவதாகிவிட்டது. டெவனில் எக்ஸீட்டர் நகரத்தில் டக்கர்ஸ் ஹால் என்று ஒரு கட்டடம் இன்றைக்கும் இருக்கிறது, நெசவாளர்களும் டக்கர்களும் துணி கத்தரிப்பவர்களும் சேர்ந்த சங்கத்துக்கு 1471-இல் கட்டியது. கார்ன்வாலில் டக்கிங்மில் என்று ஊரே உண்டு.

வாக்கர் வடக்கு ஆள். யார்க்ஷைர், லங்காஷைர், நாட்டின் நடுப்பகுதியில் மேற்குப் பக்கம், அப்படியே ஸ்காட்லாந்து. கம்பளித் தொழில் பிற்பாடு ஓங்கி வளர்ந்ததும் மக்கள்தொகை பெருகியதும் அந்தப் பக்கம்தான், ஆகவே மூன்று பெயரில் வாக்கர் தான் இன்று மிக அதிகம். இங்கிலாந்தில் அதிகம் பேர் வைத்திருக்கும் பெயர்களில் முன்வரிசையில் நிற்கிறது, ஃபுல்லரும் டக்கரும் ரொம்பப் பின்னால். 1881 மக்கள்தொகைக் கணக்கை வைத்து இந்தப் பெயர்களுக்கு வரைபடம் போட்டிருக்கிறார்கள், ரயில் வந்து, ஆலை வந்து, ஜனங்கள் ஊர்விட்டு ஊர் போன பிறகும் இந்த மூன்றும் பெரும்பாலும் தங்கள் பழைய பேட்டையிலேயே உட்கார்ந்திருப்பது அதில் தெரியும்.

அந்தக் காலத்து ஆட்களுக்கே இது குழப்பமாக இருந்திருக்கிறது என்பதற்கு ஒரு சான்று. 1380-களில் பைபிளை முதன்முதலாக முழுக்க ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள், விக்ளிஃப் பைபிள் என்பார்கள். மேலே சொன்ன அதே மாற்கு வசனத்தில், ஃபுல்லர் என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே "அல்லது துணி வாக்கர்" என்று சேர்த்து எழுதியிருக்கிறார்கள். தெற்கத்தி ஆளுக்கு ஒரு சொல், வடக்கத்தி ஆளுக்கு ஒரு சொல். கத்திரிக்காய் என்று எழுதிவிட்டு, பிரிஞ்சால் என்றும் போடுவது மாதிரி.

குடும்பப் பெயர்கள் கெட்டிப்பட்ட காலமும் கிட்டத்தட்ட இதுதான். நார்மன்கள் வந்த பிறகு முதலில் பணக்காரக் குடும்பங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாதாரண ஜனங்கள், 1400 வாக்கில் இங்கிலாந்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு அப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகிற பெயர் வந்துவிட்டது. அதற்கு முன் ஒருவரை வாக்கர் என்று எழுதினால் அவர் நிஜமாகவே அந்த வேலை பார்த்தார் என்று நம்பலாம். 1377, 1379, 1381 ஆகிய வருடங்களில் தலைவரி வசூலித்தார்கள், ஆள் ஆளாகப் பெயர் எழுதிய பட்டியல்கள் நிறைய மிஞ்சியிருக்கின்றன. பெயர் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அதுதான் தங்கச் சுரங்கம்.

ஆனால் பெயர் கெட்டிப்பட்ட அதே காலத்தில், தொழிலில் காலுக்கு வேலை போய்க்கொண்டிருந்தது. இதுதான் எனக்கு இந்தக் கதையில் ரொம்ப ருசியான இடம். தண்ணீர்ச் சக்கரம் சுற்றும், சக்கரத்தின் தண்டிலுள்ள முளைகள் பெரிய மரச் சுத்தியல்களைத் தூக்கித் தூக்கிவிடும், கீழே தொட்டியில் கிடக்கும் துணி மேல் அவை தொம் தொம் என்று விழும், நெல் குத்தும் உலக்கையைத் தண்ணீர் தூக்கிப் போடுகிற மாதிரி. இங்கிலாந்தில் இப்படி ஒரு மில் இருந்ததற்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று 1185-ஆம் வருடத்தது, டெம்பிளர் என்ற சமயப் படைவீரர் சபை தன் சொத்துகளைக் கணக்கெடுத்தபோது எழுதியது. ஒன்று யார்க்ஷைரில், இன்னொன்று காட்ஸ்வோல்ட் மலைப்பக்கம். அடுத்த நூறு வருடத்தில் ஓடை ஓடுகிற இடமெல்லாம் மில். நெசவு கையிலேயே இருந்தது, நூற்பு கையிலேயே இருந்தது, கம்பளித் தொழிலில் முதன்முதலாக இயந்திரத்துக்குப் போன வேலை இந்த மிதிதான்.

சண்டை வராமல் இருக்குமா? மில் நிலச்சுவான்தாருடையது, அவர் மில்லில்தான் துணியைக் கொடுத்துக் காசு கட்டவேண்டும் என்பார். செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் மடாதிபதி அப்படிச் சொன்னபோது ஜனங்கள் கேட்கவில்லை, வீட்டிலேயே காலால் மிதித்துக்கொண்டார்கள். 1274-இல் வழக்கு முற்றிப்போய் ராணி எலினார் வரை முறையிட்டும் கடைசியில் மடம்தான் ஜெயித்தது. லண்டனில் வேறு மாதிரி, ஊருக்குள் இருந்த ஃபுல்லர்கள் வெளியூர் மில்லுக்குத் துணி போகக்கூடாது என்று தகராறு செய்தார்கள். 1370-களில் எழுதிய ஒரு ஆங்கிலக் கவிதையில், தறியிலிருந்து வந்த துணி காலடியிலோ மில் சுத்தியலிலோ அடிபட்டு வரும்வரை உடுத்த லாயக்கில்லை என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறார் கவிஞர். அன்றைக்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடந்திருக்கின்றன. ஆக 1379-இல் வரிப் பட்டியலில் வாக்கர் என்று எழுதப்பட்ட ஆட்களில் பலர் துணியைக் காலால் தொட்டிருக்கவே மாட்டார்கள், மில்லைப் பார்த்துக்கொண்டு, துணியைப் புரட்டிவிட்டுக்கொண்டு நின்றிருப்பார்கள்.

வேல்ஸில் இந்த மில்லுக்கு "பாண்டி" என்று பெயர். டோனிபாண்டி என்று ஒரு சுரங்க ஊர் உண்டு, 1910-இல் நிலக்கரித் தொழிலாளர் கலவரத்துக்குப் பேர்போனது. அந்த ஊர்ப் பெயரின் கடைசியில் இருப்பது இந்த மில்தான், நம்ம பாண்டி இல்லை.

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளிலோ மில் போய்ச்சேராமல் கையும் காலுமே நீண்ட நாள் நீடித்தன. பெண்கள் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஈரத் துணியை மேஜையில் அடித்து அடித்துப் பக்கத்து ஆளுக்குத் தள்ளிக்கொண்டே, அடிக்குத் தக்கபடி கேலிக் மொழியில் பாடுவார்கள். இருபதாம் நூற்றாண்டில்கூட நடந்தது, ஒலிப்பதிவுகள் இருக்கின்றன, தேடிக் கேளுங்கள், தாளம் உட்கார விடாது. கேலிக் மொழியில் இந்தத் தொழில்காரருக்கு "ஃபூக்கடேர்" என்று பெயர். "ஃபூக்கடேர் மகன்" என்று அர்த்தம் வருகிற குடும்பப் பெயர் வைத்திருந்த சிலர் பிற்பாடு ஆங்கிலத்தில் அதை வாக்கர் என்றே மாற்றிக்கொண்டார்கள். ஆகவே ஸ்காட்லாந்து வாக்கரைப் பார்த்தால் பெயரே மொழிபெயர்ப்பாக இருக்கலாம்.

ஸ்காட்லாந்து என்றதும் உங்களுக்கு ஞாபகம் வருவது எனக்கும் வருகிறது. ஜானி வாக்கர் என்பது கற்பனைப் பெயர் இல்லை, ஜான் வாக்கர் என்பவர் 1820-இல் கில்மார்னக் ஊரில் மளிகைக் கடை வைத்தார், விஸ்கி அந்தக் கடையிலிருந்து கிளம்பியது. பாட்டிலில் தொப்பியும் கைத்தடியுமாக விறுவிறு என்று நடந்து போகிறாரே, அந்தப் படத்தை 1908-இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்தார். விளம்பரத்துக்கு அருமையான படம், ஆனால் பெயருக்குப் பொருந்தவே பொருந்தாது. நிஜ வாக்கர் தொப்பி போட்டுக்கொண்டு எங்கேயும் போகவில்லை, வேட்டியை மடித்துக் கட்டுகிற மாதிரி உடையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, நாறுகிற தொட்டிக்குள் நின்ற இடத்திலேயே நின்றார். அந்தப் படத்தைப் போட்டால் ஒரு பாட்டிலாவது விற்றிருக்குமா?

கம்பளித் துணி ஒன்று ஆட்டு முதுகிலிருந்து ஆள் முதுகுக்கு வரும் வழியில் எத்தனை குடும்பப் பெயரை உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஷெப்பர்ட் ஆடு மேய்த்தவர். டோசர் கம்பளியைப் பிரித்தவர், இதுவும் டெவன் பக்கம். வெப், வெப்பர், வெப்ஸ்டர், வீவர் எல்லாம் நெசவாளர்கள், மறுபடியும் ஊருக்கு ஊர் வேறு. சாயம் போட்டவர் தெற்கே டயர், வடக்கே லிஸ்டர். வாய் கொப்பளிக்கிற லிஸ்டரின் பாட்டில் ஜோசப் லிஸ்டர் என்ற டாக்டர் பெயரில் வந்தது, அவர் பெயரில் இருப்பது சாயக்காரர். ஷெர்மன் என்றால் ஷியர்-மேன், துணியின் மேல் மயிரைப் பெரிய கத்தரியால் சமமாக வெட்டிவிடுபவர், நம் ஃபிளீஸ் துணிக்கு ரெய்சிங் முடித்து, அதாவது மயிரைக் கிளப்பிவிட்டு, ஷியரிங் போடுகிறோமே அதே வேலை. அமெரிக்காவின் டாங்க் ஒன்றுக்குப் பிரிட்டிஷ்காரர்கள் வைத்தது இந்தப் பெயரைத்தான். கடைசியில் டெய்லர்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, எல்லா வாக்கரும் துணிக்காரர் இல்லை. நியூகாசில் நகரத்தில் வாக்கர் என்று ஒரு பகுதி உண்டு, ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய சதுப்பு நிலம் என்று அந்த ஊர்ப் பெயருக்கு அர்த்தம், அங்கிருந்து கிளம்பிய சில குடும்பங்களுக்கு ஊர்ப் பெயரே குடும்பப் பெயர் ஆகியிருக்கலாம். காட்டில் ரோந்து நடந்த காவலர்கள்தான் வாக்கர் என்றும் சிலர் சொல்வார்கள். காட்டுக் காவலரை அப்படிச் சொன்னது உண்மைதான், ஆனால் பெயர்கள் நிலைத்து முடிந்த காலத்து வழக்கம் அது, ஆகவே எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரண்டு, இரண்டு வாக்கர்கள் சந்தித்தால் சொந்தக்காரர்கள் என்று அர்த்தம் இல்லை. ஊருக்கு ஒரு மில் இருந்தால் ஊருக்கு ஒரு வாக்கர் குடும்பம் தனித்தனியாக முளைத்திருக்கும். அமெரிக்காவின் கறுப்பினக் குடும்பங்களில் பல வாக்கர்கள் உண்டு, அடிமைக் காலத்து முதலாளி பெயர் ஒட்டிக்கொண்டு வந்ததும் அதில் சேர்த்தி, அங்கே தொட்டியும் இல்லை, கம்பளியும் இல்லை.

உங்கள் ஆபீஸ் வாக்கரிடம் சொந்த ஊர் யார்க்ஷைர் பக்கமா என்று கேட்டுப் பாருங்கள், தலையாட்ட நல்ல வாய்ப்பு இருக்கிறது. முன்னோர் மூத்திரத்தில் நின்றவர்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லவேண்டாம்.

ஒன்று விட்டுப்போனது. இலங்கையில் காப்பித் தோட்டங்கள் நோயில் அழிந்து, மலைநாடு தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். வாடிய கொழுந்தைக் கையால் உருட்டிக்கொண்டிருந்தார்கள், அந்த வேலைக்கு 1880-இல் ஒரு மிஷின் செய்து கொடுத்தது ஜான் வாக்கர் கம்பெனி. இவர் வேறு ஜான், விஸ்கிக்காரர் இல்லை. வாடிய இலையைத் தட்டில் போட்டு, மேலே அழுத்தம் கொடுத்து, சுற்றிச் சுற்றிப் புரட்டுகிற மிஷின், தேயிலை ஃபேக்டரியில் ரோலர் என்பார்கள். வெயால்கன் என்றால் உருட்டுவது, புரட்டுவது என்று மேலே சொன்னேன் அல்லவா, ஆயிரம் வருடம் கழித்து ஒரு வாக்கர் தன் பெயருக்குச் சரியான வேலையைக் கண்டுபிடித்துச் செய்திருக்கிறார், கம்பளிக்குப் பதில் கொழுந்து.